டாங்கிக்குப் பெயின்ட் உரித்த வருஷம்

அறுபதைத் தாண்டியவர்களுக்கு டிரங்குப் பெட்டி என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. ஹாஸ்டலுக்குப் போனவர்கள் அதைச் சுமந்திருப்பீர்கள். கல்யாணமாகிப் போனவர்கள் அதில் பட்டுச்சேலையை அந்துருண்டையோடு வைத்திருப்பீர்கள். என்னைப்போல ஒரு ஊரிலும் நிலைக்காதவர்கள் அதன்மேல் தலைவைத்துப் பிளாட்பாரத்தில் தூங்கியிருப்பீர்கள். காலையில் கன்னத்தில் பூட்டின் அச்சு இருக்கும்.

சங்கரன்கோவிலில், ரயில் நிலையத்துக்குப் போகும் ரோட்டில், என் அப்பா அந்தப் பெட்டிகளைச் செய்தார். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு சாக்குப் படுதா. அவர் பெட்டிக்கு ஒரே ஒரு பெருமை உண்டு: பெயின்ட் உரியாது. தகரத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார். செங்காவி நிறத்தில் ரெட் ஆக்சைடு அடித்து இரண்டு நாள் காயப்போடுவார். அப்புறம்தான் பச்சை, அதுவும் இரண்டு தரம். "நம்ம பெட்டியில பெயின்ட் உரிஞ்சா என் தோலு உரிஞ்ச மாதிரி" என்பார். ஒரு துட்டி வீட்டில் அவர் திடீரென்று தரையோடு தரையாகக் குனிந்ததைப் பார்த்து, செத்துப்போனவர் மேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று கூட்டமே கண் கலங்கியது. அவர் பார்த்தது கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் செய்தது. உரியவில்லை.

இன்னொரு வித்தையும் அவரிடம் இருந்தது. ரிப்பேருக்கு வரும் பெட்டியை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒருவரைக் கேட்டார்: "வீட்டுக்காரிக்குத் தெரியாம பெட்டியைத் தொறக்குதீரோ?" வந்தவர் வெலவெலத்துப் போனார். "பூட்டுத் தொளையைச் சுத்தி இவ்வளவு கீறல் இருக்குவே. இருட்டுல சாவி போடுதவன் பெட்டிதான் இப்படி இருக்கும்." பெட்டியை வைத்துவிட்டுப் போனவர், திரும்ப வாங்கிப்போக வேறு ஆளை அனுப்பினார்.

எனக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள். என்னை வளர்த்தது அப்பாவின் தங்கச்சி, என் அத்தை. இந்தக் கதை நடந்த வருஷம் அவளுக்கு இருபத்தெட்டு வயது. அந்தக் காலத்தில் இருபத்தெட்டு என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க நாலு பேர் வந்து, நாலு பேரும் காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நகை போதாது என்பது வெளியே சொன்ன காரணம். அத்தை திருப்பிக் கேள்வி கேட்பாள் என்பது உண்மையான காரணம். "லேவாதேவின்னா என்ன செய்வீங்க?" என்று ஒரு மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். அவர் விளக்கத் தொடங்கியதும் அவருடைய அப்பாவே அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பங்களாதேஷ் சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் ஏழாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைக்கப்போகிறோம், ஆளுக்கொன்று செய்துகொண்டு வாருங்கள் என்றார் அறிவியல் வாத்தியார். பாதிப்பேர் எரிமலை செய்தார்கள். நான் டாங்கி செய்வதென்று முடிவெடுத்தேன். டூரிங் டாக்கீஸில் படம் போடுமுன் காட்டிய சண்டைப் படச்சுருளில் அரை நிமிஷம் பார்த்திருந்தேன். அது போதாதா?

உடம்புக்கு அப்பாவின் வெட்டுத் தகரம். சுழலும் தலைக்கு ஷூ பாலிஷ் டப்பா. பீரங்கிக்குப் பழைய குடையின் குழாய். சக்கரத்துக்கு சோடா மூடிகள். இரண்டு பக்கமும் சுற்றி ஓடுகிற பட்டைக்கு, சைக்கிள் கடையில் தூக்கிப்போட்டிருந்த செயின். டாங்கி மொத்தம் முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். சும்மா சொல்லக்கூடாது, தரையில் தள்ளினால் நிஜமாகவே கடகடவென்று ஓடியது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரே பெட்டிக்கு அடிக்கிற முறைப்படி காவியும் பச்சையும் அடித்துத் தந்தார். காய்ந்ததும் அது கிளி மாதிரி மின்னியது. பட்டறை அலமாரியில், புதுப் பெட்டிகளுக்கு நடுவில், அதை வைத்தோம்.

அந்த வாரத்தில்தான் தரகர் ஐந்தாவது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். ராயகிரிக்காரர், முப்பத்துமூன்று வயது, பட்டாளத்திலிருந்து வந்துவிட்டார். "டாங்கி ஓட்டினவரு அண்ணாச்சி! சண்டையில முன்னால போனவரு!" என்றார் தரகர். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் பார்க்க வருமுன்னே மாப்பிள்ளை தானாக வந்துவிட்டார், கையில் ஒரு கறுப்புப் பட்டாளப் பெட்டியோடு. பெயின்ட் அடிக்க வேண்டுமாம். ராயகிரியிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பச்சை அடித்துக் கொடுத்தோம். நாலு நாளில் திரும்ப வந்தார், நீலம் நன்றாக இருக்கும்போலத் தோன்றுகிறது என்று. நீலம் அடித்ததும் மறுபடி பச்சையே தேவலை என்று வந்தார். ஒவ்வொரு முறையும் பேசும்போது குரல் அப்பாவைப் பார்த்தும் கண் சாக்குப் படுதாவைப் பார்த்தும் இருக்கும். படுதாவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கும். அப்பாவுக்கு மட்டும் இது ஒரு பெயின்ட் விவகாரம் என்றே தோன்றியது. "மனுஷனுக்கு ஒரு கலர்ல மனசு நிக்க மாட்டேங்குதே" என்று கவலைப்பட்டார்.

முதல் நாளே அவர் என் டாங்கியைப் பார்த்துவிட்டார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாத்தாம்லே செஞ்சிருக்க. ஆனா இது சண்டைக்குப் போன வண்டி இல்ல. மந்திரி வாராருன்னு கழுவி நிப்பாட்டின வண்டி."

"சண்டைக்குப் போனா எப்படி இருக்கும் மாமா?"

"உரிஞ்சு போயிருக்கும் மக்கா. ஆளு கால் வைக்கிற எடம், கை புடிக்கிற எடம், சாமான் உரசுத எடம். சும்மா எல்லா எடத்துலயும் உரியாது. எங்கன உரியணுமோ அங்கனதான் உரியும்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஒரு மாதம் கிறுக்குப் பிடித்து அலைந்தேன். சுத்தியலால் தட்டினேன், தகரம் நெளிந்தது. ஆணியால் கீறினேன். "பூனை பிறாண்டின மாதிரி இருக்குலே" என்றார் அவர். அரத்தால் தேய்த்தேன், வழுவழுவென்று சொறி பிடித்த இடம்போல ஆனது. நிஜமாக உரிந்த பெயின்டின் ஓரம் எப்படி இருக்கும் என்று பெட்டிகளைப் பார்க்கப் போனால், அப்பாவின் பட்டறையில் உரிந்த பெட்டி ஒன்றுகூட இல்லை! கடைசியில் அப்பா எப்போதோ திட்டியது ஒன்றுதான் உதவியது. கருவாட்டு வியாபாரி ஒருவரின் பெட்டி ஒரே மாதத்தில் செதில் செதிலாக உதிர்ந்தபோது அப்பா சொல்லியிருந்தார்: "உப்பு பட்ட தகரத்துல பெயின்ட் நிக்காதுலே. சாகுத வரைக்கும் மறக்காத."

மறக்கவில்லை. டாங்கிக்கு மறுபடி காவி அடித்துக் காயவைத்து, அதன்மேல் உரிய வேண்டிய இடங்களில் மட்டும், ஈரம் தொட்டுக் கல்லுப்பை நொறுக்கித் தூவினேன். காய்ந்ததும் அதன்மேல் பச்சை. பச்சை காய்ந்ததும் ஈரத் துணியால் தேய்த்தால் உப்பு கரைந்து, தன்மேல் இருந்த பச்சையையும் தூக்கிக்கொண்டு போகும். அடியில் காவி தெரியும், துரு மாதிரியே. ஓரம் பிய்ந்து பிசிறாக நிற்கும். தேய்ந்து தகரமே தெரிய வேண்டிய விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்தேன், இரும்பு பளபளத்தது. அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த ஒவ்வொரு 'செய்யாதே'யையும் வரிசையாகச் செய்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பிற்பாடு எந்த ஊரிலும் அனுபவிக்கவில்லை.

புழுதிக்கு என்ன செய்வது? ரோட்டு மண் பரபரவென்று இருந்தது. வீட்டில் அத்தை கோயில் புற்றுமண்ணைக் காகிதத்தில் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பாள். சலித்த மாவு மாதிரி இருக்கும். அதை எடுத்துச் சக்கரத்தில் பூசினேன்.

"சாமி மண்ணை எடுத்து வண்டிக்குப் பூசுதியேலே, வெளங்குவியா?" என்று அத்தை படுதாவுக்குப் பின்னால் இருந்து கத்தினாள்.

"பூசட்டும். எங்க வண்டிக்கு அப்ப இதைப் பூச ஆளில்லாம போச்சு" என்றார் பட்டாளத்துக்காரர். உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. அத்தையை ஒரே வாக்கியத்தில் நிறுத்திய முதல் ஆள் அவர்தான்.

அப்பா பார்த்தது மறுநாள். அவராகப் பார்க்கவில்லை. மகளுக்குச் சீர்ப்பெட்டி வாங்க வந்த பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவர் அலமாரியைக் காட்டி, "அண்ணாச்சி, ஒங்க பெயின்ட் நாளாவட்டத்துல இப்படித்தான் ஆவுமா?" என்று கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். அப்பா மரச்சுத்தியலோடு என்னைத் துரத்தினார். ரயில்வே கேட் வரை ஓடினேன். கேட் மூடியிருந்ததால் பிடிபட்டேன். நல்லவேளை, மூன்றாவது முறையாகக் கலர் மாற்ற பட்டாளத்துக்காரர் பெட்டியோடு வந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உட்ருங்க. நான்தான் சொன்னேன். உரியலைன்னா அது டாங்கி இல்ல, பெட்டி."

"பெட்டின்னா என்ன, கேவலமா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லுவேனா!"

மாப்பிள்ளையாகப் போகிறவர் என்பதால் அப்பா சுத்தியலைத் தாழ்த்தினார். ஒரு சமரசம் ஆயிற்று. டாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டை நிறுத்தி, அப்பாவே சாக்பீஸால் எழுதினார்: 'இது வேண்டுமென்றே உரிக்கப்பட்டது.' அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் மற்றப் பெட்டிகளையும் நகத்தால் சுரண்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு முறை வரும்போதும் அவர் ஓர் இடம் சொல்லுவார். நான் அதை உரிப்பேன். பின்னால் இஞ்சினுக்கு மேல் வட்டமாக ஓர் உரசல். வலப்பக்க மட்கார்டில் ஒரு கால் தேய்த்த இடம். தலையின் மேல்மூடியில் வெளி விளிம்பு முழுக்க. இடது பின்பக்கம் சின்னச் சின்னதாக ஏழெட்டுப் பொட்டு. "இது எதுக்கு மாமா?" என்றால், "போடு, சொல்லுதேன்" என்பார். சொல்லமாட்டார்.

பொருட்காட்சிக்கு முந்தைய நாள் மத்தியானம். பீரங்கிக் குழாய் ஆடுகிறது என்று அப்பா டாங்கியை மடியில் வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலில் பட்டாளத்துக்காரர். மறுவாரம் வெற்றிலை மாற்றுவது பற்றிப் பேச்சு. அப்பா வேலை முடிந்ததும், பழக்க தோஷம், அதை ஒரு சுற்றுத் திருப்பினார். அப்புறம் இன்னொரு சுற்று.

"தம்பி, இந்த வட்டம் என்னது?"

"அது... இஞ்சின் சூட்டுல பாத்திரம் வைக்கது அண்ணாச்சி."

"சரி. இங்கன ஒத்தக் கால்தான் தேஞ்சிருக்கு. ஒரு கையில சாமானை வச்சுக்கிட்டு, மறு கையால புடிச்சு ஏறுதவன் இப்படித்தான் ஏறுவான்." அப்பா மேல்மூடியைத் தடவினார். "இதுல வெளி விளிம்பு போயிருக்கு. உள் விளிம்பு புதுசா இருக்கு. உள்ள எறங்குதவன்னா உள் விளிம்புல்லா மொதல்ல போவும்? இதுக்குள்ள எவனும் எறங்கல. வெளிய நின்னு எதையோ உள்ள எறக்கியிருக்கான்."

பட்டாளத்துக்காரர் ஸ்டூலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டு வந்தார்.

"டிரைவர் ஏறுத மூடியில ஒரு கீறல்கூட இல்ல" என்றார் அப்பா. "நீரு டிரைவர்லா? ஒம்ம சொந்த எடத்தை மட்டும் எப்படி மறந்தீரு?"

அப்பா டாங்கியை மடியில் நிமிர்த்தி வைத்தார்.

"ஒம்ம பெட்டியை மூணு தரம் தொறந்து பெயின்ட் அடிச்சேன். மூணு தரமும் பெருங்காய வாசம். அப்பமே நெனைச்சேன். நீரு அங்கன என்ன வேலைவே பாத்தீரு?"

"சமையல் அண்ணாச்சி" என்றார் அவர். "ரெஜிமெண்டுக்கு ரொட்டி, பருப்பு. தரகர்தான் ஓட்டினவருன்னு சொல்லிட்டாரு."

"நீரு இல்லைன்னு சொல்லலைல்லா?"

"சொல்லத்தான் மூணு தரம் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன். இங்கன வந்தா வாய் வரல."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. டாங்கியைக் கீழே வைக்கப் போனவர் இடது பின்பக்கத்தைப் பார்த்து நின்றார். "இது என்ன? இது பாத்திரம் இல்ல. கால் இல்ல."

"குண்டுச் சில்லு. பக்கத்துல ஒண்ணு விழுந்துச்சு. சாப்பாடு கொண்டு போன ஜீப்பு தூரத்துலயே நின்னுரும். அங்கன இருந்து வாளியைத் தூக்கிட்டு நடக்கணும். அன்னைக்கு நான் அந்தப் பக்கம் ஒட்டி நின்னேன். எனக்கு ஒண்ணும் ஆவல. பருப்பு பூரா கொட்டிப்போச்சு. உள்ள இருந்தவரு தலையை நீட்டி, பருப்பு எங்கேன்னு ஏசுதாரு."

படுதாவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "அப்புறம் என்ன செஞ்சீங்க?"

அப்பா திரும்பி முறைத்தார். பட்டாளத்துக்காரர் முதல்முறையாகப் படுதாவைப் பார்த்தே பேசினார். "ஓடினேன்."

"எங்கன?"

"ஜீப்புக்கு. மறுபடி பருப்பு கொண்டாரணும்லா."

உள்ளே அத்தை சிரித்தாள். அடக்கமுடியாமல், பாத்திரம் எதையோ தட்டிவிட்டுச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "நாளைக்குப் பதில் சொல்லி விடுதேன். நீங்க போயிட்டு வாங்க" என்றார். 'நீரு' திரும்ப 'நீங்க' ஆனால் அது மரியாதை இல்லை, தூரம்.

அத்தை போய்விட்டால் கஞ்சி யார் காய்ச்சுவார்கள் என்று அதுவரை நானும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவன்தான். ஆனால் நான் உப்புப் போட்டு உரித்த பெயின்டால் அவள் கல்யாணம் நிற்கிறதே? மறுநாள் காலையில் பச்சை டப்பாவையும் பிரஷையும் எடுத்து உட்கார்ந்தேன், எல்லாவற்றையும் பூசி மூடிவிடலாம் என்று. அத்தை வந்து பிரஷைப் பிடுங்கினாள்.

"ஒண்ணையும் மறைக்காத. இருக்கபடியே கொண்டு போ" என்றாள். கண் வீங்கியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். எட்டு எரிமலைகள். அத்தையும் அப்பாவும் வந்தார்கள், ஒருவரோடொருவர் பேசாமல். வாசல் வேப்பமரத்தடியில் பட்டாளத்துக்காரர் நின்றார். பதில் வாங்க வந்திருந்தார். உள்ளே வர அவருக்குக் கால் வரவில்லை.

மார்க் போட வெளியூரிலிருந்து ஓவிய வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். டாங்கிக்கு முன்னால் நின்று மூக்கைச் சுளித்தார். "வேலை சரி. ஆனா பெயின்டைப் பாரு. கவனமே இல்ல. வீட்டுல நல்ல பெயின்டா ஒரு டப்பா வாங்கித் தரக்கூடாதா?"

அப்பாவின் பெயின்டைக் கூட்டத்துக்கு நடுவில் யாரும் அதுவரை அப்படிப் பழித்ததில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

"சார், அது நான் அடிச்ச பெயின்ட். நீங்க சுத்தியல் வச்சு அடிச்சாலும் உரியாது. இது தானா உரியல, உரிச்சது. இங்கன பாருங்க, இது சோத்துப் பாத்திரம் வச்ச எடம். இது வாளியோட ஏறின கால். இது வெளிய நின்னு சாப்பாடு எறக்கின கை." அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "இந்தப் பொட்டு தெரியுதா? குண்டுச் சில்லு. உள்ள இருந்த நாலு பேரைச் சுத்தி அத்தனை இரும்பு இருக்கு. வெளிய நின்னவனைச் சுத்தி என்ன இருக்கு? ஒரு பருப்பு வாளி! எங்க வீட்டு மாப்பிள்ளை நின்ன எடம் சார் இது!"

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஓ, மாப்பிள்ளை டாங்கி ஓட்டினவரா?" என்றார் ஓவிய வாத்தியார்.

"இல்ல சார்" என்றார் அப்பா, ஊருக்கே கேட்கிற மாதிரி. "சமையல்காரர்!"

பரிசு ஓர் எரிமலைக்குப் போனது. டாங்கியைப் பள்ளிக்கூட அலமாரிக்கு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்துப் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர், பாவம், பழசாகிவிட்டதே என்று அதற்கு அலுமினியப் பெயின்ட் அடித்துவிட்டாராம். நான் அதற்குள் படிப்பை விட்டு லாரி ஏறிவிட்டேன். அப்புறம் எத்தனையோ ஊரில், எத்தனையோ சமையல்காரர்கள் கையால் வயிற்றை நிரப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட டிரைவர் வேலையை விடத் தன் வேலை ஒரு மாற்றுக் குறைவு என்று நினைத்ததாகத் தெரியவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்தோம், மாப்பிள்ளை உட்பட.

அப்பா அப்படிக் கத்திச் சொன்ன கையோடு, அத்தை என் முதுகில் ஒரு குத்து விட்டாள். "ஏலே, போய்ச் சொல்லு. வெயில்ல நிக்காரு."

ஓடினேன். பட்டாளத்துக்காரர் என் தோளைப் பிடித்தார். "உள்ள என்னலே சத்தம்? அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

எனக்கு மூச்சு வாங்கியது. கடைசியாகக் கேட்டதுதான் முதலில் வாயில் வந்தது. "சமையல்காரர்னு எல்லார் முன்னாலயும் கத்திச் சொல்லிட்டாங்க மாமா."

அவர் தலையை ஆட்டினார். தோளிலிருந்து கையை எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து, பட்டாளத்து நடையில் விறுவிறுவென்று நடந்தார். நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார். பள்ளிக்கூட வாசலில் இருந்து அத்தை, ஊர் பார்க்க, "ஏலே, முழுசாச் சொல்லுலே!" என்று கத்தினாள்.

ராயகிரி பஸ் இஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. படியில் ஒரு காலை வைத்திருந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, மாப்பிள்ளைன்னும் சொன்னாங்க!"

கால் அப்படியே நின்றது. "எதை மொதல்ல சொன்னாரு?"

"மாப்பிள்ளைன்னு."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பட்டாளத்துக்காரர் படியிலிருந்து காலை எடுத்தார்.

"அதை நீயும் மொதல்ல சொல்லக்கூடாதாலே, சவத்து மூதி" என்றார்.